நடிகையின் பியூக்: செட்டிநாட்டுப் பழைய காரைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு பெரிய வீட்டின் பின்தெருக் கொட்டகையில் நிற்கும் காரை நான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். சாவி என்னிடம். பிள்ளையார்பட்டிக்கு வருகிறவர்கள், கல்யாணத்துக்கு வருகிறவர்கள், வீடு பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் எல்லோரும் காரைக் கண்டதும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

இது என்ன வண்டிங்க? பென்ஸா?

இல்லை, பியூக். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி செய்த 1949-ம் வருட பியூக் சூப்பர், நான்கு கதவு. அந்தக் கம்பெனியில் செவர்லே எல்லோருக்குமான வண்டி, கேடிலாக் உச்சம். பியூக் உச்சத்துக்கு ஒரு படி கீழே. டாக்டர், வக்கீல், மில் முதலாளி வாங்கிய வண்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

எட்டு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் எஞ்சின், கொள்ளளவு ஏறக்குறைய 4.1 லிட்டர். பானட் அவ்வளவு நீளமாக இருப்பதற்கு அதுதான் காரணம். 1931 முதல் 1953 வரை பியூக் இந்த நேர்வரிசை எட்டைச் செய்தது, பிறகு வி-8 வந்துவிட்டது. வண்டியின் மொத்த நீளம் சுமார் 17.5 அடி. இன்றைய ஆல்ட்டோவைவிட 6 அடி கூடுதல்.

எந்த நடிகையோட வண்டி? பேரைச் சொல்லுங்களேன்.

சொல்ல மாட்டேன். அவர் குடும்பத்தினர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், வண்டியை வாங்கிய வீட்டாரும் அதை மதிக்கிறார்கள். நாற்பதுகளிலும் ஐம்பதுகளின் தொடக்கத்திலும் கதாநாயகியாக நடித்தவர், சொந்தக் குரலில் பாடியவர். இந்த அளவு போதும்.

வண்டி முதலில் மெட்ராஸில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி அலுவலகத்தில் இருந்தது. அங்கிருந்து அவர் வாங்கினார். படங்கள் குறைந்தபோது விற்றார். மலேயாவில் தொழில் வைத்திருந்த இந்த வீட்டு ஐயா அதை வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தார். பேர் தெரியாவிட்டால் பார்க்க என்ன இருக்கிறது என்று ஒருவர் திரும்பியே போய்விட்டார். எனக்கு வருத்தமில்லை. பானட்டைத் திறப்பதற்குள் போய்விட்டாரே என்பதுதான்.

டீக்கடையில எம்.ஜி.ஆர். வண்டின்னு சொன்னாங்களே?

டீக்கடையில் அப்படித்தான் சொல்வார்கள். தமிழ்நாட்டில் எந்த ஊரில் பழைய பெரிய கார் நின்றாலும் அது எம்.ஜி.ஆர். வண்டி, இல்லாவிட்டால் சிவாஜி வண்டி. எம்.ஜி.ஆர். பயன்படுத்திய வண்டியையே பார்க்க வேண்டுமென்றால் சென்னை தியாகராய நகரில் உள்ள அவர் நினைவு இல்லத்துக்குப் போங்கள். டி.எம்.எக்ஸ். 4777 என்ற எண் கொண்ட அம்பாசடர் அங்கே நிற்கிறது. முதலமைச்சராக இருந்தவர் அம்பாசடரில் போனார் என்பதே பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது.

நடிகர் கார் கதைகளுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. எம்.ஆர். ராதா தன் இம்பாலாவில் மாட்டுக்கு வைக்கோல் ஏற்றிக்கொண்டு போனார் என்ற கதையைக் கேட்காதவர் குறைவு. சந்திரபாபு, கார் மாடி வரை ஏறுகிற மாதிரி வீடு கட்டினார் என்பார்கள். ரசித்துக் கேட்கலாம், தப்பில்லை. ஆனால் கதை கேட்பது வேறு, ஒரு குறிப்பிட்ட வண்டியைக் காட்டி 'இதுதான் அது' என்பது வேறு. இரண்டாவதற்குக் காகிதம் வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

செட்டிநாட்டுக்கும் சினிமாக்காரங்க காருக்கும் என்ன சம்பந்தம்?

நினைப்பதைவிட நெருக்கமான சம்பந்தம். ஏவி.எம். கம்பெனியின் முதலாளி ஏவி. மெய்யப்பன் காரைக்குடிக்காரர். நாற்பதுகளின் நடுவில் அவர் ஸ்டுடியோ நடத்தியது சென்னையில் இல்லை, இங்கே தேவகோட்டை ரஸ்தாவில். 1947-ல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்த படம். அதற்குப் பிறகுதான் ஸ்டுடியோ கோடம்பாக்கத்துக்குப் போனது. அந்த நாட்களில் நடிகர்களும் பாட்டுக்காரர்களும் காரைக்குடி வீதிகளில் வந்து போனார்கள். 'எங்க ஐயா காலத்துல இந்தக் காரில்தான் ஏறிப்போனாங்க' என்ற பேச்சுக்கெல்லாம் விதை அதுதான். சிலது உண்மை.

இன்னொரு காரணம் இறக்குமதி. 1953-54 வாக்கில் இந்தியாவிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத கம்பெனிகளுக்கு அரசாங்கம் இடம் தரவில்லை. பம்பாயில் பாகங்களைப் பூட்டிக் கார் செய்து விற்றுக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. அதன் பிறகு பெரிய அமெரிக்க வண்டி வேண்டுமென்றால் ஏற்கனவே நாட்டுக்குள் இருப்பதைத்தான் கைமாற்றி வாங்க வேண்டும். தூதரக வண்டிகளை விற்கும் வேலை பிறகு அரசாங்கத்தின் வணிக நிறுவனமான எஸ்.டி.சி.யிடம் வந்தது. அந்தச் சின்னச் சந்தையில் பணம் போடக்கூடியவர்கள் யார்? சினிமாக்காரர்கள், மில்காரர்கள், செட்டியார்கள். ஒருவர் விற்றால் இன்னொருவர் வாங்கினார்.

வாங்கிய வண்டியை நிறுத்தவும் இங்கே இடம் இருந்தது. முன்தெருவில் முகப்பு, பின்தெருவில் கடைசிக் கட்டு என்று ஒரு வீதியிலிருந்து அடுத்த வீதி வரை நீளும் வீடுகள். ஒரு காலத்தில் வில்வண்டி நின்ற கொட்டகையில் பிற்பாடு கார் நின்றது.

முன் மட்கார்டு பக்கத்துல மூணு மூணு ஓட்டை இருக்கே, எதுக்கு?

அதை வைத்துத்தான் இது சூப்பர் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். 1949-ல்தான் பியூக் இந்த ஓட்டைகளை முதன்முதலில் வைத்தது. பக்கத்துக்கு 3 இருந்தால் சூப்பர், 4 இருந்தால் அதைவிட விலை கூடிய ரோட்மாஸ்டர். தெருவில் போகிறவனுக்கும் எண்ணத் தெரியும் அல்லவா, அதனால் மூன்று வைத்தவனுக்கு நான்கு மேல் கண்.

நெட் நிக்கிள்ஸ் என்ற வடிவமைப்பாளர் தன் சொந்த வண்டியின் பானட்டில் பக்கவாட்டில் துளை போட்டு, உள்ளே மஞ்சள் விளக்கு வைத்து, எஞ்சின் தீப்பொறியோடு சேர்ந்து அது மினுங்கும்படி செய்திருந்தார். முதலாளிகளுக்குப் பிடித்துப்போனது. விளக்கை விட்டுவிட்டு ஓட்டையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எஞ்சின் குளிர இதை நம்பியிருக்கவில்லை, அழகுக்குத்தான். உள்ளே விரலை விடாதீர்கள், குழந்தைகளுக்கும் சொல்லிவிடுங்கள்.

நமக்குக் காரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. எதைப் பார்க்கணும்?

முதலில் கிட்டே வராதீர்கள். கொட்டகை வாசலிலேயே நின்று, பக்கவாட்டில், முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை போகும் கோட்டைக் கண்ணால் தொடருங்கள். போருக்கு முந்தைய கார்களில் மட்கார்டு தனி, உடம்பு தனி. இதில் முன் மட்கார்டின் வளைவு கதவுக்குள் கரைந்துபோகிறது. இரண்டு காலத்துக்கும் நடுவே நிற்கிற வண்டி இது, அதைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். எல்லோரும் நேராக முன்பக்கம் போய் அந்தப் பல்வரிசை கிரில்லோடு செல்ஃபி எடுக்கிறார்கள்.

அப்புறம் கதவைத் திறக்கச் சொல்லுங்கள், திறந்து காட்டுகிறேன். மூடும்போது வரும் சத்தத்தைக் கேளுங்கள். கதவின் கீழ்ப்படியில் ஒரு சின்னத் தகடு இருக்கும், அதில் குதிரை வண்டிக் கூண்டின் படம். அது ஃபிஷர் என்ற பாடி கட்டும் பிரிவின் முத்திரை. குதிரை வண்டி கட்டிய குடும்பம் கார் பாடிக்கு வந்ததன் அடையாளம். வீட்டில் ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலையை, அதாவது கூடத்தை, பார்த்துவிட்டு வருகிறவர்கள் இந்தத் தகட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பிறகு பானட். இதைப் பக்கவாட்டில்தான் திறக்க வேண்டும். இடது பக்கம் கொக்கியை விட்டால் வலது பக்கத்தைக் கீலாக வைத்துத் திறக்கும், வலது பக்கம் விட்டால் இடது பக்கம் கீல். இரண்டையும் விட்டால் பானட் மொத்தமாகக் கையோடு வந்துவிடும். அதனால் திறக்கிற வேலை என்னுடையது.

கடைசியாகப் பின்சீட். நடிகை உட்கார்ந்த இடம் என்று எல்லோரும் அங்கேதான் முதலில் எட்டிப் பார்க்கிறார்கள். சீட் துணி பின்னால் மாற்றியது. டேஷ்போர்டும், ரேடியோவும், கதவுக் கைப்பிடிகளும் அந்தக் காலத்தவை. ரேடியோ வால்வு போட்டது, சூடேறிப் பேசக் கொஞ்ச நேரம் எடுக்கும்.

தொடலாமா? உள்ளே உட்கார்ந்து ஒரு போட்டோ?

வெளியே தொட வேண்டாம். வளையல், மோதிரம், கைப்பை ஜிப், ஜீன்ஸ் பின்பாக்கெட் குமிழ், எல்லாம் பெயிண்டைக் கீறும். கல்யாண நாட்களில் பட்டுப்புடவைச் சரிகையைக்கூடப் பார்த்துக்கொண்டேதான் இருப்பேன். பெரியவர்கள் யாராவது பின்சீட்டில் ஒரு தடவை உட்கார ஆசைப்பட்டால் உட்கார வைக்கிறேன். ஓட்டுநர் இடத்தில் யாருக்கும் அனுமதி இல்லை. காரணம் அடுத்த பதிலில்.

சாவியைத் திருப்பினா ஸ்டார்ட் ஆகலையே, பேட்டரி போயிடுச்சா?

பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. இந்த வண்டியில் சாவி மின்சாரத்தைத் திறந்துவிடும், அவ்வளவுதான். ஸ்டார்ட் செய்வது ஆக்ஸிலேட்டர். சாவியைத் திருப்பிவிட்டு ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் ஸ்டார்ட்டர் சுற்றும். எஞ்சின் பிடித்ததும் கார்புரேட்டரில் உள்ள வெற்றிட சுவிட்ச் ஸ்டார்ட்டரைத் துண்டித்துவிடும். முப்பதுகளிலிருந்து பல வருடம் பியூக் வண்டிகளில் இந்த ஏற்பாடு இருந்தது. சாவி திருப்பிய நிலையில் ஓட்டுநர் இடத்தில் ஒரு குழந்தை காலை நீட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மின்சாரம் 6 வோல்ட். அதனால் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றுவது போலக் கேட்கும், விளக்கும் மங்கல். 12-க்கு மாற்றச் சொல்லி ஆலோசனை தருகிறவர்கள் பலர். தடித்த கேபிளும் சுத்தமான எர்த்தும் இருந்தால் 6 வோல்ட் தாராளமாகப் போதும். மாற்றினால் கடிகாரம், ரேடியோ, மீட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் தனிவேலை செய்ய வேண்டும்.

லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?

5 கிலோமீட்டர் கொடுத்தால் அன்றைக்கு எஞ்சினுக்கு நல்ல மனசு.

ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கே. நம்ம ரோட்டுல ஓட்டலாமா?

ஓட்டலாம். இடதுபக்க ஸ்டீயரிங் வண்டியில் விதிப்படியான சைகைக் கருவி வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும் என்கிறது 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 120-வது பிரிவு. இதில் இருக்கிறது.

சட்டத்தைவிடப் பெரிய சிக்கல் முந்துவது. முன்னால் போகிற லாரியைத் தாண்டி எதிரே வருவது ஓட்டுகிறவருக்குத் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்தவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். கியர் ஸ்டீயரிங் தண்டில், மூன்று கியர். பழைய அம்பாசடர் ஓட்டியவர்களுக்குக் கை தானாக வரும், ஆனால் முதல் கியருக்கு வண்டி நின்றே ஆக வேண்டும். நாங்கள் இதில் யாரையும் முந்துவதில்லை. காலையில் ஊருக்குள் கொஞ்ச தூரம் போய்த் திரும்புவதோடு சரி.

இப்போ வர்ற பெட்ரோல் இந்த வண்டிக்கு ஆகுமா?

ஆகும், கவனத்தோடு. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றுபோனது. அதனால் பழைய எஞ்சின்கள் கெட்டுவிடும் என்று அன்று பயந்தார்கள். எங்களைப் போல மெதுவாக, கொஞ்ச தூரம் ஓட்டுகிறவர்களுக்கு அது பெரிய பிரச்சினையாக இல்லை. எஞ்சின் அமுக்க விகிதமும் குறைவு, அதனால் விலை கூடிய உயர் ஆக்டேன் பெட்ரோல் ஊற்றி ஒரு லாபமும் கிடையாது.

இப்போது தொல்லை எத்தனால். 20 சதவீதம் கலந்து வருகிற பெட்ரோல் பழைய ரப்பர் குழாயையும் பெட்ரோல் பம்பின் உள்சவ்வையும் அரித்து மென்மையாக்கிவிடும். காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், டேங்க் துருப்பிடிக்கும். அதனால் குழாய்களையும் சவ்வையும் எத்தனாலைத் தாங்குகிற வகைக்கு மாற்றியாயிற்று. மாதக்கணக்கில் வண்டி நிற்கப்போகிறது என்றால் டேங்கைக் காலி செய்துவிடுகிறோம்.

சித்திரை வெயிலில் இன்னொரு தொல்லை உண்டு. பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி எஞ்சின் நின்றுவிடும். பழைய டிரைவர்கள் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றுவார்கள், நாங்களும் அதையே செய்கிறோம். செம்மண் புழுதிக்குக் காற்று வடிகட்டியை அடிக்கடி கழுவ வேண்டும்.

1949 வண்டியை விண்டேஜ்னு சொல்லலாமா? 1930-க்கு முன்னாடி இருந்தாத்தானே?

சேகரிப்பாளர்கள் கணக்கில் 1919 முதல் 1930 வரை வந்தவைதான் அந்தப் பட்டியலில் வரும். அவர்களிடம் போய் இதை விண்டேஜ் என்றால் முகம் சுளிப்பார்கள். அரசாங்கக் கணக்கு வேறு. 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்தபடி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்கிற இருசக்கர, நான்குசக்கர வண்டி விண்டேஜ். அந்தக் கணக்கில் இது எப்போதோ தேறிவிட்டது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இரண்டாவது கணக்குதான் செல்லும்.

15 வருஷம் ஆனா வண்டியை உடைக்கணும்னு சட்டம் வந்துடுச்சே?

இல்லை. சொந்த வண்டியைப் 15 வருடத்துக்குப் பிறகு சோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்கலாம், பிறகு 5 வருடத்துக்கு ஒரு தடவை. டெல்லியில் உள்ள தடையை இங்கே கொண்டுவந்து குழப்பிக்கொள்கிறார்கள். விண்டேஜ் வண்டியை உடைக்கச் சொல்லி யாரும் வர மாட்டார்கள்.

விண்டேஜாகவே பதிவு செய்ய விரும்பினால் அதற்குத் தனிவழி உண்டு. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 வருடத்துக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. எண்ணில் மாநில எழுத்துக்கு அடுத்து வி.ஏ. என்று வரும். ஏற்கனவே பதிவில் உள்ள வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். நம் வண்டியின் பழைய எண் மெட்ராஸ் மாகாண காலத்து 'எம்' எழுத்தில் தொடங்குவது. அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கல்யாணத்துக்கு வாடகைக்குத் தருவீங்களா? மாப்பிள்ளை அழைப்புக்கு மட்டும்.

அதிகம் வருகிற கேள்வி இதுதான், பதில் எப்போதும் இல்லை. சொந்த உபயோகத்துக்குப் பதிந்த வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி தப்பு. விண்டேஜாகப் பதிந்துவிட்டால் இன்னும் இறுக்கம். கண்காட்சி, பழைய கார் பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது, இவற்றுக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். அன்றாட ஓட்டத்துக்கோ தொழிலுக்கோ கூடாது.

சட்டத்தை விடுங்கள். மாப்பிள்ளை அழைப்பில் வண்டி நடை வேகத்தில் போகும், மேளக்காரர்கள் முன்னால், வெடி பக்கத்தில். அந்த வேகத்தில் ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்காது. கிளட்ச் தேயும். பானட் மேல் ரோஜா மாலையை செல்லோடேப் போட்டு ஒட்டுவார்கள், பிய்க்கும்போது பெயிண்டும் சேர்ந்து வரும். கொட்டகைக்கு வந்து மாப்பிள்ளை பெண்ணோடு வண்டிப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குக் காசு வேண்டாம்.

அந்த நடிகை வச்சிருந்தாங்கன்னு எப்படி உறுதியாச் சொல்றீங்க?

இதைக் கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். முதல் ஆதாரம் பழைய ஆர்.சி. புத்தகம். இன்றைய அட்டையில் இப்போதைய உரிமையாளர் பேர் மட்டும் கண்ணில் படும். பழைய புத்தகத்தில் ஒவ்வொரு கைமாற்றமும் முத்திரையோடு பக்கம் பக்கமாக இருக்கும். அதில் உள்ள சேஸிஸ் எண்ணும் வண்டியில் அடித்திருக்கிற எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எஞ்சின் எண் மாறியிருக்கலாம், எஞ்சின் மாற்றுவது அந்தக் காலத்தில் சகஜம். சேஸிஸ் எண் மாறினால் அது வேறு வண்டி.

இரண்டாவது ஆதாரம் செட்டிநாட்டு வீடுகளுக்கே உரியது. இந்த வீட்டார் எதையும் எழுதாமல் செலவு செய்ததில்லை. வண்டி வாங்கிய தொகை, தரகர் கூலி, மெட்ராஸிலிருந்து ஓட்டிவந்த டிரைவருக்குக் கொடுத்த படி, வழியில் போட்ட பெட்ரோல், எல்லாம் பேரேட்டில் பற்று எழுதியிருக்கிறது. விற்றவர் பேரும் அங்கே இருக்கிறது. கதையை மெருகேற்ற நினைத்து யாரும் பெட்ரோல் செலவை எழுதி வைப்பதில்லை, அதனால்தான் அந்த வரிகளை நான் முழுசாக நம்புகிறேன்.

மூன்றாவது, படம். நடிகை காரோடு நிற்கிற படம் மட்டும் போதாது, வண்டி எண் தெரிய வேண்டும். படப்பிடிப்புக்கு வந்த யாருடைய காரிலும் சாய்ந்து நின்று படம் எடுத்திருக்கலாம் அல்லவா?

ஆர்.சி.-ல நடிகர் பேரே இல்லேன்னா பொய்யின்னு வச்சுக்கலாமா?

அவசரப்பட வேண்டாம். வரிக் கணக்குக்காகப் படக்கம்பெனி பேரிலோ, மனைவி பேரிலோ, மேனேஜர் பேரிலோ வண்டி வாங்குவது உண்டு. அப்படியென்றால் அந்தக் கம்பெனிக்கும் நடிகருக்கும் உள்ள தொடர்பைத் தனியே காட்ட வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசி, ஒர்க்ஷாப் பில், கடிதம் என்று ஏதாவது ஒன்றாவது கிடைக்கும்.

அதோடு, வைத்திருந்தார் என்பதும் ஏறிப்போனார் என்பதும் ஒன்றல்ல. மேலே ஸ்டுடியோ பற்றிச் சொன்னேனே, அந்த நாட்களில் நடிகர்களை ரயிலடியிலிருந்து அழைத்துவர உள்ளூர்ப் பெரிய வீட்டுக் கார்கள் போயிருக்கும். ஒரு தடவை ஏறியதால் அது 'அவர் வண்டி' ஆகிவிடாது. 'அவர் ஏறிய வண்டி' என்று சொன்னால் யாருக்கும் குறைச்சல் இல்லை.

பெயிண்ட் மங்கலா இருக்கே. புதுசா அடிச்சா பளபளன்னு இருக்குமே?

இருக்கும், அப்புறம் இது எந்த வண்டி என்று தெரியாமலும் போகும். பெயிண்டை ஒரு தடவைதான் அசலாக வைத்திருக்க முடியும். எஞ்சினுக்குப் பின்சுவரில் ஒரு தகடு இருக்கிறது, அதில் தொழிற்சாலை போட்ட பெயிண்ட் எண்ணும் உள்துணி எண்ணும் அடித்திருக்கிறார்கள். அதனோடு ஒப்பிட்டுத்தான் இந்தக் கரும்பச்சை தொழிற்சாலை நிறமே என்று உறுதி செய்தோம். வாங்குகிற வண்டியில் அந்தத் தகடு பிடுங்கப்பட்டிருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தால் மின்னும் என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டு நாள் மின்னும். அப்புறம் ஊரிலுள்ள செம்மண் முழுக்க அதில் ஒட்டிக்கொள்ளும், துடைக்கும்போது உப்புத்தாள் போட்ட மாதிரி தேயும். முதலில் தண்ணீர் விட்டு மண்ணை இறக்கிவிட்டு, பிறகு மெத்தென்ற துணியும் கார் மெழுகும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல இதோட பார்ட்ஸ் கிடைக்குமா?

பழம்பொருள் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. எனாமல் போர்டு, விளக்கு, மரப்பெட்டி, பழைய ஹாரன் கிடைக்கும். பியூக்குக்கு வாட்டர் பம்ப் கிடைக்காது. எஞ்சின் சாமான்களை அமெரிக்காவிலிருந்து தபாலில் வரவழைக்கிறோம், அங்கே இன்றும் செய்து விற்கிறார்கள். 'இது இன்னார் கார் வீல் கப்' என்று சொல்லி யாராவது விலை சொன்னால் ஆதாரம் பற்றி மேலே சொன்ன இரண்டு பதில்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். வீல் கப்பில் சேஸிஸ் எண் இல்லை.

என்ன விலை போகும்? நடிகை வண்டின்னா கூடப் போகுமா?

விற்பனைக்கு இல்லை, அதனால் தொகை சொல்வதில் அர்த்தமில்லை. பொதுவாக நட்சத்திரப் பேர் விலையைக் கூட்டும், ஆனால் அந்தப் பேரை இன்னும் தெரிந்தவர்கள் இருக்கிற வரைதான். நாற்பதுகளின் நடிகையைத் தெரிந்தவர்கள் வருடா வருடம் குறைகிறார்கள். நேர்வரிசை எட்டு சிலிண்டரின் சத்தத்தைக் கேட்டு நிற்கிறவர்கள் குறையவில்லை. பள்ளிக்கூடப் பையன்கள் நடிகை பேரைக் கேட்பதே இல்லை, பானட்டைத்தான் திறக்கச் சொல்கிறார்கள்.

இந்த மாதிரி வண்டிகளை வேற எங்கே பார்க்கலாம்?

கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகம் 2015 முதல் இருக்கிறது. ஒவ்வொரு வண்டியும் தொழில்நுட்பத்தில் என்ன புதுசாகக் கொண்டுவந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள், எனக்குப் பிடித்த முறை. சென்னை வடபழனியில் ஏவி.எம். ஸ்டுடியோவில் 2023-ல் திறந்த அருங்காட்சியகத்தில் பழைய கார்களும் படப்பிடிப்புக் கருவிகளும் சேர்ந்து இருக்கின்றன. தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ நடத்திய கம்பெனி என்பதால் நம் ஊர்க்காரர்கள் ஒரு தடவை போய்வரலாம்.

எங்க வீட்டுக் கொட்டகையிலயும் ஒண்ணு துணி போர்த்திக் கிடக்கு. அதுவும் நடிகர் வண்டின்னு அப்பத்தா சொல்வாங்க. என்ன செய்யட்டும்?

பேட்டரி வாங்கிப் போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். நாள்பட நின்ற எஞ்சினில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும், வலுக்கட்டாயமாகச் சுற்றினால் உடையும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளை வழியே கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சில நாள் ஊற விடுங்கள். பிறகு கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். டேங்கில் இருக்கிற பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும், அதை இறக்கிவிடுங்கள். சீட்டுக்கு அடியில் எலி வளை இருக்கும், பாம்பும் இருக்கலாம், கையை விடும் முன் டார்ச் அடியுங்கள்.

அதோடு காகிதத்தைத் தேடுங்கள். காரின் டேஷ்போர்டுப் பெட்டியில் இல்லாவிட்டால் வீட்டுப் பெட்டகசாலையில், பேரேடுகளுக்கு நடுவே இருக்கும். ராமநாதபுரம் மாவட்டம் என்று போட்டிருந்தால் குழம்ப வேண்டாம், சிவகங்கை தனி மாவட்டமானது 1985-ல்தான். அப்பத்தா சொன்னதையும் கைப்பேசியில் பதிவு செய்து வையுங்கள். யார், எந்த வருடம், எங்கே வாங்கினார்கள் என்று கேளுங்கள். நடிகர் பேரை நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, பழுது பார்க்கச் செலவு செய்யும் முன் பங்காளிகளோடு பேசிவிடுங்கள். ஆர்.சி. மறைந்துபோன ஐயா பேரிலேயே நின்றால், படிவம் 31 போட்டு வாரிசு பேருக்கு மாற்ற வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதமும் கேட்பார்கள். துணி போர்த்திக் கிடக்கிற வரை யாரும் கேட்க மாட்டார்கள். எஞ்சின் ஓடத் தொடங்கிய மறுநாள் சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா போன் செய்வார், அதனால் கையெழுத்தை முதலில் வாங்கிவிடுங்கள்.